குங்குமத்தின் மேல் பழி

லினக்ஸ் ஓசியில் வந்தது, அதனால்தான் மக்கர் செய்கிறது என்று சொன்ன ஒவ்வொருவரையும் நான் நாலு அறை விட்டிருக்க வேண்டும். முதல் அறை என் கணவர் அச்யுத்துக்கு.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் யூனிக்ஸ் வகுப்பு நடத்திவந்தேன். தொண்ணூற்றேழில் யூனிக்ஸ் தெரிந்தவனுக்கு அமெரிக்கா நிச்சயம் என்று ஊரே நம்பியது. அசல் யூனிக்ஸ் வாங்க எனக்கு வக்கில்லை. அதைப் போலவே வேலை செய்யும் லினக்ஸைப் போட்டேன். அதற்காகவே தி. நகரில் சுயம்புலிங்கம் கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். இருநூறு மெகாஹெர்ட்ஸ் வேகப் புராசஸர் சிப்பு, அதற்கேற்ற மதர்போர்டு.

பெரிய புரோகிராம் எதையாவது கம்பைல் செய்தால், அதாவது மெஷின் மொழிக்கு மாற்றினால், பாதியில் செத்துவிழும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். லினக்ஸில் தப்பென்றால் ஒரே இடத்தில்தானே விழ வேண்டும்? சாமான்தான் கோளாறு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? "டீச்சருக்கே சரியா தெரியலை போல" என்று சொல்லிவிட்டு சக்திவேல் என்ற மாணவன் நின்றுவிட்டான். மற்றவர்களும் அவன் பின்னாலேயே கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது.

"இதே பெட்டில விண்டோஸ் நன்னாத்தானே ஓடிண்டிருக்கு நீரஜா? தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கப்படாது" என்றார் அச்யுத்.

பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மூடியைக் கழற்றியதுமே சுயம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. ஆயுத பூஜையன்று அச்யுத் பெட்டியைத் திறந்து, புராசஸர் மேலிருந்த ஃபேனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

"ஏம்மா, உள்ள குங்குமத்தைக் கொட்டி வச்சிட்டு மெஷின் சரியில்லன்னா என்ன அர்த்தம்? வாரண்டி கிடையாது, பாத்துக்கிடுங்க."

அவருடைய கல்லாப்பெட்டி, பிரிண்டர், ஷட்டர் எல்லாவற்றிலும் பட்டை பட்டையாகச் சந்தனம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"குங்குமம் ஃபேன் மேலதானே இருக்கு? சிப்புல எங்க இருக்கு, காட்டுங்கோ!"

"காட்டுதேன்" என்று வீறாப்பாக ஃபேனைக் கழற்றினார். சிப்பின் மேல் ஏதோ பிசுக்கு. "இந்தா, பாருங்க."

"இதுவா குங்குமம்?" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். பிசுக்கோடு 200 என்ற எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. சிப்பைக் கழற்றித் திருப்பினேன். அடியில் 166 என்று பளிச்சென்று இருந்தது. நூற்று அறுபத்தாறை இருநூறு வேகத்தில் விரட்டினால், கடும் வேலையில் அது சாகாமல் என்ன செய்யும்?

புதுச் சிப்பு டப்பாக்களோடு பில் போட நின்றிருந்த இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி விடுங்க டீச்சர், மாத்தித் தாரேன்" என்று சுயம்புலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"சிப்பை மாத்துவேள். என் பேரு கெட்டதை எப்படி மாத்துவேள்?" மேஜை மேலிருந்த ஃபோனில் சக்திவேல் வீட்டுக்கு அடித்து, ரிசீவரை அவர் கையில் திணித்தேன். "நீங்களே சொல்லுங்கோ."

"தம்பி, டீச்சர் மெஷினுல சிப்பு கொஞ்சம் பிரச்சினை..."

மேஜையை ஓங்கித் தட்டினேன்.

"போலி, தம்பி. நான் குடுத்தது போலி."

சக்திவேல் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. "அப்ப டீச்சர் சொன்னதுதான் சரியா?"

சுயம்புலிங்கம் என்னைப் பார்த்தார். "ஆமாப்பா" என்றார்.

பில் போட நின்றிருந்த இருவரும் தங்கள் டப்பாக்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.