மூன்று ஜன்னலுக்கும் சாக்கு

வைக்கோல் கொட்டகைக்குள் காலை வைத்ததுமே அம்மாவின் கண் ஜன்னல்களுக்குத்தான் போனது. மூன்று ஜன்னல்களிலும் சாக்கு தொங்கியது. சும்மா சாக்கு இல்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரத்தில் வெள்ளை நாடா வைத்துத் தைத்த சாக்கு. உலகத்தில் எவளாவது சாக்குக்கு இஸ்திரி போடுவாளா? இவள் பெற்ற மகள் போடுவாள். அதுவும் தையல்காரி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேறு கடையில் கொடுத்து.

"எப்படிம்மா? அச்சு அசல் உங்க போட்டோ மாதிரியே இருக்கா?" ஏணி உச்சியிலிருந்து மகள் கேட்டாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன போட்டோவால் வந்த வினை. இதே கொட்டகையில், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அம்மாவும் அப்பாவும் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். பின்னால் சாக்கு தொங்கும் ஜன்னல், ஒற்றை லாந்தர். மண்டபம் வேண்டாம், மேளம் வேண்டாம், வைக்கோல் வாசத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்வோம் என்று இரண்டு பேருமாக ஆசைப்பட்டார்கள் என்பதுதான் மகளுக்குத் தெரிந்த கதை. சின்ன வயதில் தூங்க வைக்கச் சொன்ன கதை. சொல்லச் சொல்ல அழகாகிக்கொண்டே போனது. நிறுத்த மனசு வரவில்லை.

ஆசையாவது ஒன்றாவது! மதியம் பதிவாளர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒளிந்த இடம் இது. அம்மாவின் அண்ணன் நாலு ஆட்களோடு தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்றுதான் அப்பா ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார். பயத்தில் அவசர அவசரமாக அடித்ததில் மூன்று ஆணி வளைந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர் எடுத்த அந்தப் போட்டோவில் சிரிக்கிற சிரிப்பே, அந்த வளைந்த ஆணிகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான்.

அந்த அண்ணன் இப்போது வந்துகொண்டிருந்தார். இருபது வருஷம் முகத்தில் முழிக்காமல் இருந்து, அப்பாவின் சாவுக்கு வந்து, அதிலிருந்து மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டவர். மகளுக்கு மாமா என்றால் உயிர். பத்து நாளில் அவளுக்கு இதே கொட்டகையில் கல்யாணம். அப்பா இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரப்போகிறவர் அவர்தான். இந்தச் சாக்கைப் பார்த்தால் என்ன நினைப்பார்? குத்திக்காட்டத்தான் கூப்பிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டால்?

"சாக்கைக் கழட்டிடும்மா. உள்ள ஒரே இருட்டா இருக்கு."

"ஐயோ அம்மா, அதுதான் அழகே!"

வெளியே ஸ்கூட்டர் நின்றது. அம்மா தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

அண்ணன் வாசலில் செருப்போடு நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே வயதானவர்; எதையும் அவசரமில்லாமல்தான் பார்ப்பார்.

"ஜன்னல்ல எதுக்கு சாக்கு?"

"அம்மா கல்யாணத்துல இருந்த மாதிரியே மாமா! நல்லா இருக்கில்ல?"

அவர் தங்கச்சி முகத்தை ஒரு தடவை பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்து வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அம்மா. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. இருட்டில் கதவுக்கு அடியில் மட்டும் நாலு விரல் உயரத்துக்கு வெயில் தெரிந்தது. அந்த வெயிலில் கறுப்பாக இரண்டு செருப்பு.

"ஜன்னலை மறைச்சீங்க. கதவுக்கடி இடுக்கை மறந்துட்டீங்க." கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "அன்னைக்கு இங்கதான் நின்னேன். லாந்தர் வெளிச்சம் என் கால்ல விழுந்துச்சு. நீ சிரிக்கிறது கேட்டுச்சு. கூட வந்தவங்ககிட்ட, இங்க யாரும் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."

அம்மா கதவையே பார்த்தாள். இத்தனை வருஷமும் இந்த மனுஷனுக்கா பயந்தோம்!

"அப்புறம் ஏண்ணே இருபது வருஷம் வரல?"



"அவங்க போனப்புறமும் நின்னேன். கதவைத் தட்டி, நான்தான்னு சொல்ல வாய் வரல. நீயா திறந்து பார்ப்பியோன்னு நின்னேன். நீ திறக்கல; அப்புறம் நானா வர ரோஷம் விடல."

மகள் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. "அம்மா, மாமா என்ன சொல்றாரு? யாரு யாரைத் தேடினாங்க? நீ அப்படிச் சொல்லலையே?"

"சொல்றேன்டி. எல்லாத்தையும் சொல்றேன், இரு." அம்மா இருட்டில் தடவிக்கொண்டே கதவுப் பக்கம் போனாள். அளவு நாடா தரையில் இழுபட்டு வந்தது. கதவின் பிடி கைக்குக் கிடைக்கும்போது, கீழே ஒரு செருப்பு திரும்பி நகர்ந்தது.

"அண்ணே, போயிடாதீங்க."

இன்னொரு செருப்பு அங்கேயே இருந்தது.