தனியாள் குருவி

கெங்கவல்லிக்கு மேற்கே இருந்த காப்புக்காட்டில் ஒரு குருவி வாழ்ந்தது. தனியாக இருப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். இரண்டாவது ஆள் வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும், கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஊரார் அதைத் தனியாள் குருவி என்றார்கள். நெற்றியில் மஞ்சள் கோடு, செங்கல் நிற மார்பு, சீட்டியடித்துக்கொண்டே போகிறவன் எதையோ நினைத்துக்கொண்டு பாதியில் நிறுத்துவதுபோல ஒரு பாட்டு. காட்டுக் காவலர் லாசருக்கு, பிளேக்கில் மனைவி போன பிறகு, அது தினமும் தெரிந்தது.

முப்பத்திரண்டாம் வருஷம் பறவை ஆராய்கிற அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து துப்பாக்கியோடு வந்தார். பறவையைச் சுட்டு, தோலைப் பாடம் செய்து, பெயரெழுதிப் பெட்டியில் வைப்பது அவர் வேலை. “நான் கூட இருந்தா வராதுங்கய்யா, நீங்க மட்டும் ஒக்காருங்க” என்று லாசர் ஓடைப்பக்கம் போய்விட்டார். சாயங்காலம் அதிகாரி சுடாத துப்பாக்கியோடு திரும்பினார். “பாத்தேன். என்னை விட்டா அதுக்கு உலகத்துல யாருமில்லங்கற மாதிரி பாடுச்சு. சுட முடியல.” சுடாத பறவையைப் பதிவு செய்ய, உடன் நின்று பார்த்த இன்னொரு சாட்சி வேண்டும், இதற்கு ஏது சாட்சி? அவர் பெயர் வைக்காமலே ரயிலேறினார்.

பிறகு யுத்தம் வந்தது. விறகுக்காகக் காட்டைக் குத்தகைக்கு விட்டார்கள். குருவி இருக்கிற காடு, வெட்டக்கூடாது என்று லாசர் குறுக்கே போய் நின்றார். “எங்கய்யா அந்தக் குருவி? காட்டு” என்றார் குத்தகைக்காரர் வெங்கடாசலம்.

“காட்ட முடியாதுங்க. வெட்டறவங்க ஒவ்வொருத்தரா உள்ள போயிட்டு வரட்டும். அப்புறம் வெட்டுங்க.”

வெங்கடாசலம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முதலில் போன காத்தான் திரும்பி வந்து, கோடாரியைக் கீழே போட்டுவிட்டு, ஊரைப் பார்த்து நடந்தான். மற்றவர்களும் அப்படியே. கடைசியில் வெங்கடாசலமே போனார். பொழுது சாய்ந்துதான் வந்தார். மறுவாரம் குத்தகையை வேறு மலைக்கு மாற்றிக்கொண்டார்.

கூலியாட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வந்த இன்பமேரி மட்டும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டாள். அவளும் புருஷனை இழந்தவள். லாசர் அவளைக் கட்டிக்கொண்டார், பாதிரியார் தாலி எடுத்துக் கொடுத்தார். இனிக் குருவி கண்ணில் படாது, போகட்டும் என்று லாசர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

கல்யாணமான சில நாளில், இருவரும் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கையில், எதிரே வேப்பங்கிளையில் அது வந்து பாடியது. லாசர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பார்வையும் அந்தக் கிளையிலேயே இருந்தது.

“என்ன பாக்கற?”

“ஒண்ணுமில்லீங்க.”

பாட்டு முடியும்வரை இருவரும் கஞ்சியைத் தொடவில்லை. பிறகு அவள், உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். அன்றிலிருந்து அது தினமும் வந்தது.