நொட்டை மாமாவின் பேரம்

எந்தப் பொருளையும் வாயாரப் புகழ்ந்து வாங்கிய ஆள் இல்லை நொட்டை மாமா. கத்திரிக்காயோ கட்டிலோ, முதலில் அதற்கு ஒரு நொட்டை சொல்வார். அப்புறம்தான் விலை கேட்பார். பொருள் பிடித்துவிட்டால் திட்டு இன்னும் கூடும். கல்யாணமான புதிதில் அத்தைக்கு இந்த வித்தை தெரியாது. அவர் கரித்துக் கொட்டிய ஒரு பீரோவை, "சரி, வேண்டாம் வாங்க" என்று சொல்லிவிட்டு, வீடு வந்து சேரும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பாடம் படித்துவிட்டாள். மாமாவின் வாய் நீள நீள, பொருள் வீட்டுக்கு வரப்போகிறது என்று அர்த்தம்.

மாமா சலூன் வைத்திருக்கிறார். வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுவது அத்தைதான். வீடு வீடாகப் போய் ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் அவள் வேலை. ஸ்கூட்டர் படுத்துவிட்டது. படுக்கையில் கிடக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மேட்டுத் தெருக்களில் இருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஏறி அத்தையின் முழங்கால் வீங்கிப்போனது. பழசானாலும் பரவாயில்லை, ஒரு கார் எடுத்தே தீருவது என்று இரண்டு பேரும் பழைய கார் கடைக்கு வந்துவிட்டார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கார்கள். கடைக்காரர் கையில் துடைக்கிற துணி, வாயில் ஓயாத "சார்". ஒரு சின்ன வெள்ளைக் காரில் அத்தையின் கண் போய் நின்றது. மாமாவின் கண்ணும் அதில்தான். உடனே ஆரம்பித்துவிட்டார்.

"இது என்னங்க, காரா, தகர டப்பாவா?"

"ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். பொத்திப் பொத்தி ஓட்டினாரு."

"அவர்கிட்ட வர்ற நோயாளி மாதிரியே இருக்கே!"

அத்தை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வாங்க மேடம்" என்று அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் டீ எடுத்துவர உள்ளே போனார்.

"என்னங்க, மேட்டு ரோட்டுல இழுக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன். நீங்க பேசிக்கிட்டிருங்க" என்றாள் அத்தை. வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

டீ வந்தது. மாமா டயரை இகழ்ந்தார், கதவை இகழ்ந்தார், ஹாரனைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைக்காரர் விலையில் இம்மி நகரவில்லை. கடைசியில் மாமா பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். வாடகை வீடு பார்க்கப் போனபோது, "இது யாரோ தூக்கு மாட்டிக்கிட்ட வீடுதானே?" என்று ஒரு புளுகு விட்டு வாடகையைக் குறைத்த மனுஷன் அவர். இப்போதும் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எல்லாம் கேள்விப்பட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இது ஆளை விழுங்கின வண்டிதானே?"

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"யார் சார் சொன்னது? அந்தப் பையன் வீட்டுலேர்ந்தா வர்றீங்க?"

மாமா சும்மா அடித்துவிட்ட புளுகு அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன வாய், "ஆமா" என்றது.

கடைக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வேணும்னு பண்ணல சார். சமதரையில பிரேக் நல்லாத்தான் பிடிக்கும். பெரிய இறக்கத்துலதான் பெடல் அப்படியே உள்ள போயிடும். விக்கும்போதே எனக்குத் தெரியும். வாங்கறவங்க மாத்திக்குவாங்கன்னு நினைச்சேன். அந்தப் பையன் மாத்தல."

"இப்ப... இப்ப மாத்திட்டீங்கல்ல?"

"நசுங்கின வண்டியைத் திரும்ப வாங்கி, நிமித்தி பெயிண்ட் அடிச்சேன். பிரேக்கை..." கடைக்காரர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். "மேடம் எங்க போனாங்க? கீழ் ரோட்டுலதானே?"

"மேட்டு ரோட்டுக்கு."

"ஐயையோ!" என்று கடைக்காரர் இன்னொரு காரின் சாவியைத் தேடி உள்ளே ஓடினார். மாமா உடனே போனை அழுத்தினார். நோயாளிகள் எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதால் அத்தை காதிலிருந்து இயர்போனைக் கழற்றுவதே இல்லை.

"சொல்லுங்க. ஜம்முனு ஏறிச்சு, மூச்சே வாங்கல! மேல வந்துட்டேன், இறங்கப் போறேன்."

"இறங்காதே! பிரேக் பிடிக்காது! ஆளைக் கொன்ன வண்டிடி அது, நிறுத்து!"

அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள். "போதுங்க, போதும். கடைக்காரர் பக்கத்துலதானே நிக்கிறாரு? பாவம் அந்த மனுஷன். இவ்வளவு திட்டறீங்கன்னா உங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. வந்து பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டாள்.

மாமா மறுபடி அழைத்தார். "சத்தியமாச் சொல்றேன், நம்பு!"

"நீங்க சத்தியம் பண்ணாம எந்தப் பேரம் முடிஞ்சிருக்கு?" மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் வைத்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் மாமாவுடையது, உயிர் அத்தையுடையது. தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே ஒரு பொருள் வேண்டாம் என்றால் இவளிடம் என்ன சொல்வேன்? ஒன்றும் திட்ட மாட்டேனே! ஆகாத பொருளுக்கு வாயை ஏன் வீணாக்க வேண்டும் என்று, 'அருமையான சாமான்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேனே!

மூன்றாம் முறை அழைத்தபோது காற்று இரையும் சத்தம் கேட்டது. வண்டி இறங்க ஆரம்பித்துவிட்டது. மாமா அழுகையை விழுங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"ரொம்ப நல்ல வண்டிம்மா. ஒரு குறையும் இல்ல. அவர் சொல்ற விலைக்கே எடுத்துக்கலாம்."

சிரிப்பு நின்றது. "என்னங்க ஆச்சு?" என்றாள் அத்தை. அப்புறம் இரும்பு கிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

கடைக்காரர் கார் ஓட்ட, மேட்டு ரோடு ஏறி முடிவதற்குள் மாமா செத்துச் செத்துப் பிழைத்தார். இறக்கம் தொடங்கிய இடத்திலேயே வெள்ளைக் கார் சுவரோடு உரசி, ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்க நின்றிருந்தது. அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காயம் ஒன்றும் இல்லை.

"நீங்க நல்ல வண்டின்னதும் குலையே நடுங்கிடுச்சு. மிதிச்சேன், பெடல் உள்ள போயிடுச்சுங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சுவத்துல கொண்டுபோய்த் தேச்சேன். இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்திருந்தா..."

மாமா அவளைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதார். வெட்கம் மானம் எதுவும் பார்க்கவில்லை. அழுகையோடு அழுகையாக நடந்ததை எல்லாம் கொட்டினார். "அந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. விலையைக் குறைக்கச் சொன்ன பொய்!"

தள்ளி நின்ற கடைக்காரர் இதைக் கேட்டதும் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை மாமா கண்ணால் பார்த்தார்.

"அப்போ... அவங்க வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார் கடைக்காரர். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு வேறு விட்டார்.

உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் திட்டித் தீர்த்த மாமாவின் வாய்க்கு, இந்த மனுஷனைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அத்தை சுவரைப் பிடித்து எழுந்தாள். "அந்தப் பையன் எப்படிச் செத்தான்னு அவங்க வீட்டுல நினைச்சுக்கிட்டிருக்காங்க?"

கடைக்காரர் தரையைப் பார்த்தார். "வேகமா ஓட்டினான்னு."

"அவங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அத்தை குனிந்து வெள்ளைக் காரின் சாவியை உருவி, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கடைக்காரர் வந்த காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"வாங்க, அந்த அம்மா வீட்டுக்கு வழி காட்டுங்க" என்றாள் கடைக்காரரிடம்.