க்யூபா சுருட்டில் பாதி

பீட்டர் கும்மிடிப்பூண்டியில் பேருந்தை விட்டு இறங்கும்போதே மணி ஒன்றரை. மூன்று மணிக்குச் சாமான் ஏற்ற டெம்போ வந்துவிடும் என்று சடையப்பன் போனில் சொல்லியிருந்தார். அதற்குள் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிற ஒரே ஒரு விஷயம். இன்றைக்கு விட்டால் சடையப்பன் பள்ளிப்பட்டில் இருக்கிற மகள் திலகவதி வீட்டோடு போய்விடுவார். அப்புறம் யாரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

சட்டைப் பையில் அலுமினியக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் க்யூபா நாட்டுச் சுருட்டு.

இருவரும் பதினோரு வருஷம் ஒரே கம்பி ஆலையில் இரும்பு காய்ச்சும் பர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு சுருட்டை இரண்டு பேர் குடிப்பார்கள். முதல் பாதி சடையப்பனுக்கு. பாதி வந்ததும் பீட்டர் கேட்காமலே சடையப்பன் கை நீளும். ஒரு இழுப்புகூடக் கூடியதில்லை. சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களிலும் பாதி மட்டும் வந்துவிடும்.

சடையப்பனுக்கு மூக்கு அப்படி. ஒரு இழுப்பு இழுத்தால், இலை எந்த ஊர், மழையில் நனைந்ததா, எத்தனை நாளாகக் கடையில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். கடைக்காரரே புதுக் கட்டு வந்தால் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூக்குதான் அன்றைக்கு எண்ணெய்க் குழாய் ஒழுகுவதை முதலில் கண்டுபிடித்தது.

அது சாப்பாட்டு நேரம். பர்னஸ் பக்கம் இவர்கள் இரண்டு பேர்தான். "பீட்டரு, வால்வு!" என்று சடையப்பன் கத்தினார். வால்வுக்குப் பக்கத்தில் நின்றவன் பீட்டர்தான். கால் நகரவில்லை. நெருப்பு குபீரென்று எழும்பியது. சடையப்பன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்து வால்வை மூடினார். வலது உள்ளங்கை வெந்துபோனது. லோடு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கீழே கிடந்த சாக்கை பீட்டர் எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். ஆலைக்குள் கால் வைக்காத மனுஷர், அன்றைக்கென்று வெளிநாட்டு விருந்தாளியோடு வந்திருந்தார். கையில் சாக்கைப் பார்த்ததும், "நீதானா மூடினது?" என்றார். பீட்டர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் செய்தது. முதலாளி தோளில் தட்டி, பையிலிருந்து இந்தக் குழாயை எடுத்துக் கொடுத்தார். "க்யூபா சுருட்டு. ரொம்ப ஒசத்தி. சந்தோஷமா குடி."

அடுத்த மாதம் பீட்டர் பர்மனென்ட். சடையப்பனின் கைவிரல்கள் மடங்கவில்லை. வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். "சீனியாரிட்டி பாத்துப் போட்டாங்கண்ணா" என்று பீட்டர் சொன்னான். "நீயாவது நல்லா இரு நைனா" என்றார் அவர். பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேனாகப் போனார்.

அந்தச் சுருட்டை பீட்டரால் குடிக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மனைவி ரோசம்மாவின் கல்யாணப் புடவை இருக்கிற பீரோவில் வைத்தான். இலையாயிற்றே, பூச்சி அரித்துவிடுமே என்று குழாய்க்குள் ஒரு அந்துருண்டையும் போட்டான். கரைந்துபோனதும் இன்னொன்று. இன்றைக்குப் புறப்படும்போதுதான் மிச்சத்தைத் தட்டிக் கொட்டினான்.

சடையப்பன் அறை வாசலில், கட்டி வைத்த மூட்டைகளுக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

"வா நைனா. கோயில் உட்டதும் நேரா வந்துட்டியா? ரோசம்மா சோறு போடலியா?"

"துன்னுட்டுதான் வந்தேன். இது உனக்குண்ணா."

வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்தது, 'அன்னைக்கு முதலாளி இதை எனக்குக் குடுத்தாரு' என்றுதான். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"போன வாரம் முதலாளி வந்திருந்தாரு. எல்லாருக்கும் ஸ்வீட்டு. எனக்கு மட்டும் இத்த குடுத்தாரு. க்யூபாவாம்."

"அடேங்கப்பா! பர்மனென்ட் ஆளுன்னா சும்மாவா?" சடையப்பன் குழாயைத் திருகி, சுருட்டை உள்ளங்கையில் சரித்தார். அவர் முகம் பழைய டீக்கடை முகமாக மாறிவிட்டது. "சுருட்டு போட்டுக்கீற காயித மோதிரத்தப் பாரு, கல்யாண மாப்ள கணக்கா."

"ஒரு பக்கம் அடச்சிக்கீதேண்ணா. ரிஜெக்டு பீஸா?"

"போடா, ரிஜெக்டு பீஸு. மொனையில தொப்பி போட்டுக்கீறான். அத்த நாமதான் எடுக்கணும்."

சவர பிளேடால் முனையை மெல்லச் சீவினார். சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் உருட்டினார். சருகு மாதிரி சத்தம் வந்தது. புருவம் ஒரு தரம் சுருங்கியது.

"இலயப் பாரு, ஒட்டு கெடையாது. நரம்பு தெரியுதா? பச்சக் கொழந்த கையில தெரியற மாதிரி. சுத்துனவன் கைய கண்ணுல ஒத்திக்கணும்."

பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு இழுத்து, ஏதோ வாடை என்று சுற்றியிருந்த துணி மூட்டைகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடினார். பிறகு தீக்குச்சியைக் கிழித்து, நெருப்பு படாமல் முனையைச் சூடு காட்டிச் சுற்றிச் சுற்றிச் சிவக்க வைத்தார். புகையை உள்ளே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்து வெளியே விட்டார்.

"காபிக் கொட்ட வறுக்கறாப்புல முதல்ல வருது. அதுக்கு அடியில கொஞ்சம் தேனு. காரம் தொண்டையில ஏறல, நாக்குலயே நிக்குது. நல்ல சரக்கு நைனா, பொறந்ததுலேர்ந்து இப்படி ஒண்ணு குடிச்சதில்ல…"

இரண்டாவது இழுப்பில் நிறுத்தினார். தரையில் துப்பினார். சாம்பல் நிற்காமல் பொலபொலவென்று லுங்கியில் உதிர்ந்தது.

"அந்துருண்ட."

"ரோசம்மா பீரோவுல வெச்சிட்டா…" என்று ஆரம்பித்த பீட்டர், "நாந்தாண்ணா போட்டேன், பூச்சி வருமேன்னு" என்றான்.

"ஒரு வாரத்துல இவ்ளோ உள்ள போவாதே." சடையப்பன் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடு இல வரிக்கும் ஏறிக்கீது. ஈரப்பசை சுத்தமா போயிட்ச்சி. இது மூணு வருசத்து வெயில் பாத்த சுருட்டு."

மூன்று என்ற சொல் அவருக்கே உறைத்தது. கை வெந்தும் மூன்று வருஷம்தான். சுருட்டு இருந்த கையை, மடங்காத விரல்களை, ஏதோ அடுத்தவர் கை மாதிரி பார்த்தார்.

"மொதலாளி அந்த ஒரு தபாதானே பர்னஸாண்ட வந்தாருன்னாங்க. நான் ஆஸ்பத்திரில இருந்த அன்னிக்கு."

பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"யார் மூடுனதுன்னு கேட்டாரா?"

"கேட்டாருண்ணா."

"இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சாக்கு என் கையில இருந்திச்சி."

அடிப்பார், திட்டுவார் என்று பீட்டர் காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

"தெரியாம போயிட்ச்சி. இல்லாங்காட்டி அந்த ஆஸ்பத்திரி கட்டில்லயே ஆளுக்குப் பாதி குடிச்சிருக்கலாம். அப்ப இது நல்லா இருந்திருக்கும்." சுருட்டைத் தரையில் தேய்த்து அணைத்தார். "வெச்சிக்கினே இருந்து பாழாக்கிட்ட."

"அண்ணா, நாளைக்கே ஆபீஸ்ல போய்ச் சொல்றேன். எழுதிக் குடுக்கறேன்…"

"சொல்லு. சொன்னா இந்த வெரலு மடங்குமா?"

வாயில் இருந்த நாற்றம் போக வேண்டுமே என்று மூட்டையைத் துழாவித் தன் கடைச் சுருட்டு ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தார். டெம்போக்காரன் தெருமுனையில் ஹாரன் அடித்தான். சடையப்பன் அவசரப்படவில்லை. தெருவைப் பார்த்தபடி நிதானமாக இழுத்தார்.

நெருப்பு மெல்ல ஏறி வந்தது. பாதி வந்தது. பீட்டரின் கை அவனைக் கேட்காமல் முழங்காலிலிருந்து கொஞ்சம் எழும்பியது. சடையப்பன் அடுத்த இழுப்பை இழுத்தார். அதற்கும் அடுத்ததை. நெருப்பு விரலைத் தொடும்வரை குடித்துவிட்டு, துண்டை வாசலில் போட்டு மிதித்து எழுந்தார்.

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் புடி" என்றார். "இந்தக் கையில எனுக்கு புடி நிக்காது."