39,99,991: ஒரு கல்யாணத் துணியின் கணக்கு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு எண்ணின் மேல் எனக்கு வந்த கடுப்பில் பிறந்தது. 39,99,991. ஒற்றைப்படை. மூன்றால் வகுபடாது, ஏழால் வகுபடாது, பதினொன்றாலும் முடியாது. முகத்தைப் பார்த்தால் பகா எண் என்று சத்தியமே செய்யலாம்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘இபாதான் நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர்’ (டிசம்பரில் எங்கள் ஊரில் மழை ஏது? புழுதிதான். விடுங்கள்.)

2

மாப்பிள்ளை பொலுவாஜி, கல்லூரியில் கணக்கு நடத்துபவன். கல்யாணத்தில் இரு வீட்டாரும் ஒரே துணியில் தைத்து உடுத்துவது எங்கள் வழக்கம். ஊரார் அதில் பூ அச்சிடுவார்கள். இவன் இந்த எண்ணை அச்சிட்டான், இருநூறு பேருக்கு.

"யாராலயும் பிரிக்க முடியாத எண்ணு. நம்மள மாதிரி" என்றான்.

"சரிபாத்தியா?" என்றாள் மணப்பெண் மொராயோ. அவளும் கணக்கு டீச்சர்.

"கம்ப்யூட்டரைத் தொடாம, மூணு வாரமா கையாலயே. எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்துட்டேன், செல்லம்."

அந்த மூன்று வாரத்துக்காகவே அவள் அவன்மேல் இன்னும் கொஞ்சம் கிறங்கினாள்.

3

கல்யாணத்துக்கு மூன்று நாள். தையல்காரி ரிசி அவளுக்கு அளவெடுக்கிறாள். (ரிசியை முதலில் வாயாடிக் கிழவியாக எழுதினேன். கதைகளில் கிழவிகள் ஏற்கெனவே அதிகம். முப்பது வயதைக் குறைத்துவிட்டேன்.)

"என்னடி இது, லாரி நம்பரா?" என்றவள், எண்ணை எங்கள் யொரூபா மொழியின் பழைய கணக்கில் வாசித்தாள். பத்தொன்பதை ‘இருபதில் ஒன்று கம்மி’ என்கிற ஜனம் நாங்கள்.

"இரண்டாயிரம் தடவை இரண்டாயிரம். அதுல ஒம்பது கம்மி. இதுக்கா இவ்ளோ மை?"

மொராயோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாயிரத்தின் வர்க்கத்தில் மூன்றின் வர்க்கம் கம்மி! எட்டாம் வகுப்புக்கு அவளே நடத்தும் பாடம். அப்படியானால் 1997 × 2003.

"ஊசி குத்திடுச்சா?"

"இல்லடி. எண்ணு உடைஞ்சிடுச்சு."

4

(அவன் பிறந்தது 1997, அவள் 2003. இதை நான் பிறகு திணித்தேன். எழுதுகிறவருக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?)

ஃபோன் போட்டாள். "எதுவரைக்கும் வகுத்த?"

"எல்லாத்தாலயும்."

"பொலு."

"...1993 வரைக்கும். அதுக்குள்ள சூடா அமலாக் களி வந்துடுச்சு."

எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது இரண்டாயிரம் வரை போனால் போதும். மிச்சம் இருந்தவை இரண்டே பகா எண்கள்: 1997, 1999.

"அடுத்தது நீ பொறந்த வருஷம்டா, மடையா!"

கொஞ்சம் யோசித்துவிட்டுக் குதித்தான். "அப்போ அது நீயும் நானும் பெருக்கினது! இன்னும் நல்லதுதானே?"

"எண்ணு கெடக்கட்டும். எல்லாத்தாலயும் பாத்துட்டேன்னியே. அது?"



5

முடிவு ஒன்று: சிரித்துவிடுகிறாள், இருநூறு பேர் தப்பான எண்ணை உடுத்தி ஆடுகிறார்கள். (எழுதும்போதே கூச்சமாக இருந்தது.)

முடிவு இரண்டு: அவள் துணியை மடித்து ரிசியிடம் கொடுத்து, ‘இனிமேல் இது’ (முடிக்க மனம் வரவில்லை. அவளை எனக்குப் பிடித்துவிட்டது.)

மொராயோ ஃபோனைக் காதில் வைத்தபடி இன்னும் நிற்கிறாள். இரண்டே இரண்டு எண்ணுக்கு முன்னால் எழுந்துபோய்விட்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்கிறவனோடு வாழலாமா என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. 1997, 2003 இரண்டுமே பகா எண்கள்தாமா என்று கேட்பீர்கள். ஆமாம். எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன்.

என்னை நம்புகிறீர்கள்தானே?