சாமை தின்ற கணக்குப் பெட்டி

1983 தை மாதம் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில், கன்னியம்மாள் அளந்த முதல் மரக்கால் சாமை கண்ணெதிரே காணாமல் போனது; வெறும் மரக்கால் மட்டும் கையில் நின்றது. காரணம் ஊருக்கே தெரியும்: அவள் மகள் ரஞ்சிதத்தின் கணக்குப் பெட்டி. சிங்கப்பூரிலிருந்து தன் தம்பி அனுப்பிய அந்த விளையாட்டுச் சாமானை, வாணியம்பாடிப் புளி வியாபாரி அப்துல் கய்யூம் ஜீப்பில் வந்தபோது ரஞ்சிதத்துக்குக் கொடுத்திருந்தார். உள்ளங்கை அகலம். கூட்டல் கழித்தல் கேட்கும். விடை தப்பானால் 'பீப்' என்று கத்தும். அதோடு விட்டிருந்தால் நல்ல சாமான்தான். யார் எதைத் தப்பாக எண்ணினாலும் எண்ணிய பொருளை விழுங்கிவிடும் என்பதுதான் தொல்லை. பலாப்பழங்களைத் தப்பாக எண்ணிய பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கனுக்குக் காம்புகள் மட்டுமே மிஞ்சின. எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்தாலும் அதற்குக் காது கேட்டது.

மலையில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள், அதன் பிறகுதான் இரண்டு, மூன்று. படித்த பெட்டிக்கு இது தெரியவில்லை. கன்னியம்மாள் "லாபம்" என்றாள், பீப். மறுபடியும் "லாபம்" என்றாள், மறுபடியும் பீப். அடுத்த அறுவடை வரை அந்தக் குவியல்தான் அவர்களுக்குச் சோறு.

"ஒண்ணுன்னு சொல்லிடும்மா," என்று ரஞ்சிதம் அழுதாள். "வூட்ல இன்னாத்த துன்றது?"

"நான் இன்னாத்துக்கு மாத்தணும்? உள்ளங்கை அகலம் இருந்துகினு எவ்ளோ துன்னுதுன்னு பாக்கறேன்."

கன்னியம்மாளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டுக்கே போகாமல், மரக்கால் மரக்காலாக லாபம் லாபம் என்றே அளந்தாள். களத்தில் தரை தெரிந்தது. கடைசி மரக்காலுக்குப் பெட்டியிடமிருந்து பீப் வரவில்லை, ஏப்பம் வந்தது. பக்கவாட்டில் விரிசல் விட்டு, தின்ற சாமை முழுவதும் பொழுது சாயும்வரை கொட்டியது. விழுங்கத் தெரிந்த சாமானுக்கு வயிறு வைக்க மறந்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய குறை என்ன இருக்க முடியும்?

அவள் மரக்காலை நிரப்பி, பெட்டியை நேராகப் பார்த்து "லாபம்" என்றாள். அது வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் அவர்கள் பசியறியவில்லை.

அன்று முதல் பெட்டி, ஒன்று என்று சொல்பவர்களைப் பார்த்துத்தான் கத்தியது. பள்ளிக்கூடத்தில் லாபமும் லாபமும் இரண்டு என்று பாடம் நடந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே தன் செருப்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டினார். பிறகு வெறுங்காலோடு உட்கார்ந்து, பாடம் சரியாகத்தான் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.