வேட்டைக்குப் போன ராஜா

அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடத்தில் அந்தப் படம் சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது. குதிரையில் வேட்டைக்குக் கிளம்பும் ராஜா, வாசலில் ராணி, அவள் விரலைப் பிடித்தபடி ஒரு குழந்தை.

தமிழ் டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அதன் முன்னால் தரையில் உட்கார வைத்தார். "இதப் பாத்து ஆளுக்கொரு புராணக்கதை எழுதுங்க. எங்கேயோ படிச்சத எழுதக் கூடாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்களையே ராஜா, ராணி ஆக்கிடுங்க."

முதலில் முடித்தது, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள். வகுப்பில் வாயே திறக்காத பெண். படித்துப் பார்த்த டீச்சருக்குப் புல்லரித்தது. வேட்டைக்குப் போன ராஜா காட்டில் தொலையவில்லை; அடுத்த தெருவிலேயே வேறொரு அரண்மனை கட்டிக் குடியிருக்கிறான். அங்கே ஒரு குட்டி இளவரசி. தினமும் பழைய அரண்மனை வழியாகத்தான் போகிறான், ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவனுக்கு வலது சுண்டுவிரல் பாதிதான்.

"படத்துல விரல் முழுசா இருக்கே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"தோணுச்சு டீச்சர்."

"பிரமாதம்டி! பெத்தவங்க வர்ற அன்னைக்கு நீதான் படிக்கிற."

சனிக்கிழமை பள்ளி அரங்கம் பெற்றோரால் நிரம்பி வழிந்தது. நெட்டையின் அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. வகுப்பிலேயே பொடிசு என்பதால் குண்டூசி என்று பெயர் வாங்கியவள் முன்வரிசையில் அப்பாவின் தோளில் ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

நெட்டை நிதானமாகப் படித்தாள். விரல் வந்த இடத்தில் குண்டூசி களுக்கென்று சிரித்து, அப்பாவின் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்! மெஷின்ல போயிடுச்சு!"

 பதிவேட்டில் நெட்டைக்கு அப்பா பெயர் இல்லாதது டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "போதும்மா, நேரமாச்சு," என்று எழுந்தார்.

"கொஞ்சம்தான் டீச்சர் இருக்கு."

நெட்டை தாளை மடித்துவிட்டு, அதில் இல்லாததைச் சொன்னாள். "இளவரசி பிறந்த அன்றைக்கு பழைய அரண்மனைக் குழந்தைக்கு ஆறு மாதம். அன்று அதற்குக் கடுங்காய்ச்சல். மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய ராஜா, மிட்டாய் வாங்கிக்கொண்டு புது அரண்மனைக்குப் போனான்."

குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இது நீங்களா?"

அவர் கையைப் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டார். எழுந்தார். மகளைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் விறுவிறுவென்று வெளியே போனார். அவள் தட்டுத் தடுமாறிப் பின்னால் ஓடினாள். விஷயம் புரியாத பின்வரிசை கை தட்டியது.

டீச்சர் நெட்டையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "தெரிஞ்சேதான் செஞ்சியா? அந்தப் பிள்ள உனக்கு என்னடி பண்ணுச்சு?"

"அவ ஒண்ணுமே பண்ணல டீச்சர்." நெட்டையின் குரலில் நடுக்கமே இல்லை. "அவர்கிட்ட நேரா சொன்னா அவருக்கு வலிக்காது. எங்கம்மா எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டாங்க. அவ மூஞ்சியப் பாத்தாதான் வலிக்கும்."



ஒரு வாரம் கழித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த தன் அம்மாவோடு குண்டூசியும் வந்தாள். வகுப்பு வாசலில் நின்று வெகுநேரம் தயங்கினாள்.

"அக்கா," என்றாள், நெட்டையைப் பார்த்து.

நெட்டை ஸ்கேலை வைத்து நோட்டில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிவரை போட்டு முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.